மிஸ் ஒதிலோன்

மருத்துவச்சி என்ற சொல்லுக்கு எங்கள் பேச்சில் ஆண்பால் கிடையாது. அதனால்தான் பயிற்சிப் பள்ளியின் முதல் நாள் காலையில், இருபத்தோரு பெண்களின் பெயரையும் கடகடவென்று வாசித்த மிஸ் லுக்ரேஸ், இருபத்திரண்டாவது பெயரில் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியை இறக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே ஒரு ஆள், முழங்கால் மேசையில் இடிக்க, வைக்கோல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க யாரு, டிரைவரா?"

"இல்லைங்க மிஸ். படிக்க வந்திருக்கேன்."

"என்ன படிக்க?"

"பிரசவம் பாக்க."

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். எனக்கு முன்னால் இருந்த ஒருத்தி, "நாங்க குழந்தை பெறும்போது வெளியில நின்னு சிகரெட் பிடிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கனு நினைச்சுட்டாரு போல" என்றாள். மறுபடியும் சிரிப்பு.

மிஸ் லுக்ரேஸ் சிரிக்கவில்லை. முப்பது வருடம் ஹைத்தியின் மேட்டுநிலம் முழுக்கக் கழுதை மேல் போய்ப் பிரசவம் பார்த்தவர் அவர். எதற்கும் சட்டென்று சிரிக்கவும் மாட்டார், ஆச்சரியப்படவும் மாட்டார்.

"எழுந்திரு. கையைக் காட்டு."

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கைகள். ஒவ்வொன்றும் வாழையிலைத் துண்டு அகலம். மிஸ் லுக்ரேஸ் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நகத்தை வெட்டிட்டு நாளைக்கு வா" என்றார்.

அப்படித்தான் ஒதிலோன் எங்களோடு சேர்ந்தான். அவனுக்கு முப்பத்தொன்று, எனக்கு முப்பத்து நான்கு. என்னைக் கெர்தாக்கா என்று கூப்பிடுவான். எங்கள் ஊர்ப்பக்கம் வெள்ளை உடுப்புப் போட்டு ஊசி குத்துகிற எல்லாரும் 'மிஸ்'தான். நோயாளிகள் அவனையும் வாய்ப்பழக்கத்தில் மிஸ் என்றார்கள். இரண்டாவது வாரத்தில் வகுப்பு முழுக்க மிஸ் ஒதிலோன் என்று கேலி செய்தது. மூன்றாவது மாதத்தில் அது கேலியாக இல்லாமல் வெறும் பெயராகிவிட்டது.

அவன் ஊர் மோன் சிட்ரோன். பட்டணத்திலிருந்து நடந்தால் ஐந்து மணி நேரம், வழியில் ஒரு ஆறு. மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிள் ஏறாது. அங்கே இருந்த ஓரறைச் சுகாதார நிலையத்தில் அவன் நான்கு வருடமாக உதவியாளன். காயத்துக்குக் கட்டுப் போடுவான், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவான். அதற்கு முன்பும் அப்போதும் இன்னொரு வேலையும் உண்டு. பிரசவம் சிக்கலானால் இரண்டு மூங்கிலில் மெத்தையைக் கட்டி, பெண்ணை அதில் கிடத்தி, நான்கு ஆண்கள் தோளில் சுமந்து பட்டணம் இறக்குவார்கள். உயரம் ஒத்துப்போவதால் ஒதிலோனுக்கு எப்போதும் முன்பக்க இடதுபுறம்.

இதையெல்லாம் அவன் தானாகச் சொல்லவில்லை. படிப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தபோது ஒரு நாள், பிரசவ அறை ரப்பர் விரிப்புகளைத் தொட்டியடியில் இரண்டு பேரும் கழுவிக்கொண்டிருந்தோம். "எதுக்குடா தம்பி உனக்கு இந்த வேலை?" என்று கேட்டேன். அவன் விரிப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"ஜெசிலானு ஒரு பொண்ணுக்கா. அவ புருஷன் எல்லை தாண்டிக் கரும்பு வெட்டப் போயிருந்தான். நாங்க நாலு பேரு தூக்கிக்கிட்டு வந்தோம். ஆத்துல தண்ணி. குறையட்டும்னு கரையில இறக்கினோம். அங்கேயே வலி முத்திருச்சு. மத்த மூணு பேரும் மரியாதைக்கு முதுகைத் திருப்பிக்கிட்டாங்க. நானும் திருப்பிக்கிட்டேன். அவ, 'யாராவது என்னைப் பாருங்களேன், நான் என்ன கழுதையா?'னு கத்துனா. அப்புறம்தான் நான் திரும்பினேன்."

"பிறகு?"

"பிள்ளை என் சட்டையில வந்து விழுந்துச்சு. ஆம்பளைப் பிள்ளை, நல்லா அழுதுச்சு. அவகூடச் சிரிச்சா. நஞ்சுக்கொடியும் விழுந்துச்சு. அதுக்கப்புறம் ரத்தம் நிக்கவே இல்ல. எனக்கு என்ன பண்றதுனு தெரியல. துணியால துடைச்சுக்கிட்டே இருந்தேன். தண்ணி குறைஞ்சதும் ஓடினோம். ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரியுற இடத்துல, என் முதுகுப்பக்கம் அவ முனகுறது நின்னு போச்சு."

விரிப்பை உதறினான்.

"இறக்குறதுக்கு ஆறு மணி நேரம் ஆச்சு. மறுநாள் திருப்பி ஏத்துறதுக்கு எட்டு மணி நேரம்."

நான் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக் கொடியில் போட்டேன்.

அடுத்த வாரம் மிஸ் லுக்ரேஸ் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைப் பற்றிப் பாடம் எடுத்தார். மேசைமேல் துணியால் தைத்த கருப்பை ஒன்று இருந்தது. குழந்தை வந்தபின் கருப்பை சுருங்கிக் கெட்டியாக வேண்டும், சுருங்காமல் தொளதொளவென்று கிடந்தால் ரத்தம் கொட்டும் என்றார். ஊசி இருந்தால் ஊசி, மாத்திரை இருந்தால் மாத்திரை. "ஒண்ணுமே இல்லாத இடத்துல இருக்கீங்களா? கை இருக்குல்ல? தொப்புளுக்குக் கீழ கையை வைங்க. மாவு பிசையுற மாதிரி அழுத்திப் பிசைங்க. கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் விடாதீங்க. பிள்ளையை மார்ல போட்டுச் சப்ப விடுங்க. அதுவும் சுருக்கும்."

ஒதிலோன் எழுந்து நின்றான்.

"மிஸ். கையாலேயே செய்யலாமா?"

"கையாலேயேதான்."

"அவ்வளவுதானா?"

"பல நேரத்துல அவ்வளவுதான்."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மிஸ் லுக்ரேஸ் அவனைக் கூப்பிடவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மாமரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி, தன் கைகள் இரண்டையும் பார்த்தபடி நின்றான். கால்மணி நேரம் கழித்து உள்ளே வந்து உட்கார்ந்து, விட்ட பாடத்தை என் நோட்டுப் புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்டான். அன்றிலிருந்து வகுப்பில் யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை. நான் சொல்லித்தான் எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. என் வாய் அப்படிப்பட்டது.

ஆனால் வகுப்பு ஏற்றுக்கொண்டால் போதுமா? பிரசவிக்கிறவள் ஏற்றுக்கொள்ள வேண்டுமே. தேர்ச்சி பெற ஒவ்வொருவரும் முப்பது பிரசவம் பார்த்திருக்க வேண்டும். ஐந்து மாத முடிவில் எனக்குப் பதினெட்டு, மற்றவர்களுக்குப் பத்து, பதினைந்து. ஒதிலோனுக்கு ஒன்றுகூட இல்லை. அறைக்குள் தலையை நீட்டினாலே கத்தல்தான்.

"ஐயோ, ஆம்பளை! வெளியே போகச் சொல்லுங்க!"

"ஒரு ஆம்பளைதான் என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினான், இப்ப இன்னொருத்தனா?"

அவன் கோபித்துக்கொள்ளமாட்டான். "சரிங்க தாயி" என்று பின்வாங்கி, வேறு வேலை பார்க்கப் போவான். மலச்சட்டி கழுவுவான். வலி எடுத்தும் நேரமாகாத பெண்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் நடத்துவான். அப்படி நடக்கும்போது இடுப்பின் பின்பக்கம் அவன் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிடுவது எப்படியோ பிரபலமாகிவிட்டது. எங்கள் கைகள் எதுவும் அந்த இடத்தை முழுதாக மூடாது. அவன் கை மூடும். உள்ளிருந்து குரல் வரும். "அந்தப் பெரிய கை மிஸ் எங்கே? கூப்பிடுங்க. முதுகுக்கு மட்டும், சொல்லிட்டேன், முதுகுக்கு மட்டும்!"

முதல் பிரசவம் அவனுக்குத் தியூலாவிடம் கிடைத்தது. தியூலா சந்தைக்காரி. வாழைக்காய் மூட்டை ஏற்றின லாரியின் உச்சியில் உட்கார்ந்து தலைநகர் போய் வருகிறவள். அவள் வாய்க்குப் போலீஸ்காரனே ஒதுங்கி நிற்பான். அது அவளுக்கு நாலாவது பிரசவம். சனிக்கிழமை, சந்தை நாள் வேறு. விற்று முடித்துவிட்டுத்தான் வந்தாள். படியேறும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. நான் ஒரு கட்டிலில் ஒருத்தியோடு, மிஸ் லுக்ரேஸ் இன்னொரு கட்டிலில் இரட்டைப் பிள்ளைக்காரியோடு. நடுக்கட்டிலில் தியூலாவும் ஒதிலோனும்.

"வேற ஆள் இல்லையா?" என்று கத்தினாள்.

"இப்ப நான்தாங்க இருக்கேன்."

"நீ எத்தனை பெத்திருக்க?"

"ஒண்ணும் பெத்ததில்லைங்க."

"எத்தனை எடுத்திருக்க?"

ஒதிலோன் பொய் சொல்லத் தெரியாதவன். "படிக்க வந்தப்புறம் இதுதான் முதல்ங்க."

"ஏசுவே!" என்றாள் தியூலா. அதற்குள் அடுத்த வலி. அது போனதும் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, பிடி. ஆனா கண்ணை மூடிக்கிட்டுப் பிடி" என்றாள்.

"கண்ணை மூடிட்டா பிள்ளை கீழ விழுந்துருமேங்க."

"அப்ப ஒரு கண்ணை மூடு!"

அவன் உண்மையாகவே ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். முகம் கோணிக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு, பயபக்தியாக நின்ற அந்தக் கோலத்தைப் பார்த்துத் தியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரட்டைப் பிள்ளைக்காரிகூடச் சிரித்தாள். தியூலா சிரித்த சிரிப்பில் தலை வெளியே வந்தது. அதற்குப்பின் ஒதிலோன் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டான், அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பெண் குழந்தை. அதைத் துடைத்து அவள் மார்பில் போட்டுவிட்டு, ஊசி போட்டு, நஞ்சு விழுந்ததும் வயிற்றில் கை வைத்தான். எடுக்கவே இல்லை. அரைமணி நேரம் கழித்துத் தியூலாவே, "என்ன, என் வயித்துல கையை மறந்து வச்சுட்டியா?" என்று கேட்டாள்.

அடுத்த சந்தை நாளில் பட்டணம் முழுக்கத் தியூலா சொல்லிக்கொண்டிருந்தாள். "மூணு பிள்ளையையும் கிழிச்சு எடுத்தாளுங்க. இது ஒண்ணைத்தான் கிழியாம எடுத்தது. அந்த ஆம்பளை மிஸ்ஸைக் கேளுங்கடி." எந்தப் படிப்பும் எந்தச் சான்றிதழும் செய்யாததை அவள் வாய் செய்தது. வருட முடிவில் அவனுக்கு முப்பத்தெட்டுப் பிரசவம். எனக்கு முப்பத்தொன்றுதான்.

படிப்பு முடிந்ததும் எனக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியிலேயே வேலை. அவன் மோன் சிட்ரோனுக்கே திரும்பினான். பட்டணத்தில் இடம் தருகிறோம் என்றபோதும், "கீழ இறங்குறதுதான்க்கா எங்க ஊர்ல கஷ்டம். மேல ஒருத்தன் இருந்தா பாதிப் பேர் இறங்கவே வேண்டாம்" என்றான்.

மேலே அவனுக்காக அவன் மனைவி சில்வானி காத்திருந்தாள். கடலை மிட்டாய் செய்கிறவள். இஞ்சி தட்டிப்போட்டு அவள் செய்வதை நான் ஒரு தடவை தின்றுவிட்டு, பிறகு ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கியிருக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. ஒதிலோன் மருத்துவச்சி ஆனபின் ஊற்றடியில் தண்ணீர் பிடிக்கப் போவது அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

"உன் வீட்டுக்காரர் ஊர்ப் பொம்பளைங்களை எல்லாம் பாத்தாச்சு. உனக்கு மிச்சம் வச்சிருக்காரா?"

"ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கிறார். சொந்த வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வரக் கூடாதா?"

சில்வானி வாளியைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "உன் பிள்ளையை எடுத்தப்ப நீ போட்ட கத்தலை அவரு வீட்ல நடிச்சுக் காட்டினாரு. நாங்க சிரிச்ச சிரிப்புல பிள்ளை பெற நேரமில்லாம போச்சு" என்பாளாம். வீட்டுக்கு வந்தபின் அழுவாளாம். இதை அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். அவனிடம் சொன்னதில்லை. அவன் யாரையும் நடித்துக் காட்டினதும் இல்லை.

ஒதிலோன் ஆணாக இருந்ததில் ஒரு லாபம் இருந்தது. அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்குத்தான் தோன்றியது. ஆண்கள் இருக்கும் இடத்துக்கு அவன் போகலாம். மோன் சிட்ரோனில் ஞாயிறு மத்தியானம் எல்லா ஆண்களும் பொலினீஸின் சேவற்சண்டைக் களத்தில்தான் கிடப்பார்கள். ஒதிலோன் ஒரு ஞாயிறு, இரண்டு சண்டைக்கு நடுவே, களத்துக்குள் இறங்கி நின்றான். நானும் அன்று தடுப்பூசி முகாமுக்காக மேலே போயிருந்ததால் வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன்.

"டேய், மிஸ் வந்துட்டாருடா! யாருக்குடா இங்க வலி?" என்று ஒரு குரல். சாராயக் குப்பி கைமாறிக்கொண்டிருந்தது.

"பொலினீஸ் அண்ணே, ஒரு கேள்வி" என்றான் ஒதிலோன். "உங்க சேவலுக்குக் கழுத்துல ரத்தம் கொட்டுனா என்ன பண்ணுவீங்க?"

"இது ஒரு கேள்வியா? வாய் வச்சு உறிஞ்சித் துப்பிட்டு, காப்பித்தூள வச்சு அழுத்திப் பிடிப்பேன். நிக்கிற வரைக்கும் விடமாட்டேன்."

"அண்ணிக்குப் பிள்ளை பெத்தப்புறம் ரத்தம் கொட்டுனா?"

பொலினீஸ் குப்பியைக் கீழே வைத்தான். அவன் களத்தின் சொந்தக்காரன், யாருக்கும் பதில் சொல்லத் தயங்காதவன். "அது... பொம்பளைங்க பாத்துப்பாங்க" என்றான்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஜெசிலாவைத் தூக்கிட்டுப் போனப்ப. பின்பக்க மூங்கில் உங்க தோள்லதானே அண்ணே இருந்துச்சு?"

யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் அவன் சொன்னதையெல்லாம் கேட்டார்கள். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் வந்தால் அன்றே அழைத்து வருவது. வலி ஆரம்பித்ததும் சொல்லி அனுப்புவது, எத்தனை துணி ரத்தத்தில் நனைந்தால் ஆபத்து என்று தெரிந்துகொள்வது. கடைசியில் ரத்ததானம் பற்றிப் பேசினான். ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டி பாதி நாள் காலியாகக் கிடக்கிறது, குடும்பத்து ஆண்கள் கொடுத்தால்தான் உண்டு என்றான்.

"ரத்தம் குடுத்தா ஆம்பளைக்குப் பலம் போயிருமாமே மச்சான்?" என்றான் ஒருவன். "வீட்டுல வேலைக்கு ஆகமாட்டோம்னு சொல்றாங்க."

"நான் போன மாசம் குடுத்தேன்" என்றான் ஒதிலோன்.

"அதான் உனக்குப் பிள்ளையே இல்ல" என்று பின்னாலிருந்து எவனோ சொன்னான்.

ஒதிலோனின் முகம் ஒரு கணம் எப்படியோ ஆயிற்று. பிறகு, "இருக்கலாம். இருந்தாலும் பேரு குடுக்கிறவங்க குடுங்க" என்றான். பொலினீஸ்தான் முதலில் கையைத் தூக்கினான். அந்தப் பின்வரிசைக்காரனின் பிடரியில் ஒன்று போட்டுவிட்டு அவனுடைய கையையும் தூக்கிவிட்டான். பதினான்கு பேர் சேர்ந்தார்கள்.

நம்பினால் நம்புங்கள், அதற்கு அடுத்த மாதம் சில்வானிக்கு நாள் தள்ளியது.

ஊரே சந்தோஷப்பட்டது, ஊற்றடியைத் தவிர. ஆனால் சில்வானி ஒரு நிபந்தனை போட்டாள். என்னிடமும் சொன்னாள், அவனிடமும் சொன்னாள். "உங்க கையால எனக்குப் பிரசவம் வேண்டாம். கெர்தாக்கா பாக்கட்டும். நீங்க உள்ளேயே வரக் கூடாது."

அவன் நொந்துபோனான். "இருநூறு பேர் என்னை நம்புறாங்க. நீ நம்பமாட்டியா?"

"நம்பாம இல்ல. உள்ள வந்தா நீங்க என் முகத்தைப் பாக்கமாட்டீங்க. வேற எங்கேயோ பாத்துக்கிட்டு இருப்பீங்க. அன்னைக்கு எனக்கு இன்னொரு மிஸ் வேண்டாம்."

ஒன்பதாம் மாதம் கீழே இறங்கி வந்து என் வீட்டில் இரண்டு வாரம் தங்கினாள். ஒரு ஞாயிறு விடியும்போது வலி வந்தது. ஒதிலோன் முதல் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். நான் அவனை முற்றத்துப் பெஞ்சியில் மற்றக் கணவன்மார்களோடு உட்காரவைத்தேன். பக்கத்திலிருந்த பையன், கல்யாணமாகி வருடம்கூட ஆகாதவன், அவன் தொப்பியை மடியில் சுற்றிச் சுற்றித் திருப்புவதைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னான்.

"முதல் பிள்ளையாண்ணே? பயப்படாதீங்க. இவங்களுக்கு இது தினப்படி வேலை."

"ஆமா தம்பி" என்றானாம் ஒதிலோன்.

பதினொன்றரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். பெஞ்சிக்குச் சேதி அனுப்பினேன். நஞ்சும் வந்தது. ஊசியும் போட்டாகிவிட்டது. ஆனால் கையடியில் கருப்பை கெட்டியாகவில்லை. பிசைந்தேன், கொஞ்சம் சுருங்கியது, விட்டதும் மறுபடியும் தொய்ந்தது. விரிப்பின் ஓரத்தால் ரத்தம் தரைக்கு வழிந்தது. நான் உதவியாளரிடம் அடுத்த ஊசி கேட்டேன், சலைன் பாட்டில் கேட்டேன், டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஒரு வருடம் பக்கத்துக் கட்டிலருகே நின்று வேலை பார்த்தவனுக்கு என் குரல் தெரியாதா? கதவில் வந்து நின்றான்.

"வரட்டுமா?"

சில்வானி கண்ணைத் திறந்து, "வாங்க" என்றாள்.

உள்ளே வந்தவன் பழக்கதோஷத்தில் நேராகக் கால்மாட்டுக்கு வந்து சட்டைக் கையை மடித்தான். நான் என்னையறியாமல் அதட்டிவிட்டேன். "இங்க இல்ல! இங்க நான் இருக்கேன். தலைமாட்டுக்குப் போ."

அவன் ஒரு நொடி என்னை வெறித்தான். என் கைகள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது, எல்லாம் அவனுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. தெரிந்தும் போனான். தலைமாட்டில் மண்டியிட்டு, அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான்.

"என்னைப் பாருங்க" என்றாள் சில்வானி.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அங்க பாக்காதீங்க."

"பாக்கல. உன்னைத்தான் பாக்குறேன். பொண்ணு உன்னை மாதிரியே கோபக்காரியா இருக்கா. வெளியில வரைக்கும் கேட்டுச்சு."

அவன் பேசிக்கொண்டே இருந்தான். கடலை வறுக்கிற பதம், வீட்டுக் கூரை ஓட்டை, பின்வீட்டு ஆடு, ஏதேதோ. அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரலில் மட்டும் தெரியவில்லை. டாக்டர் வந்து, உள்ளே தங்கிப்போயிருந்த நஞ்சுத் துணுக்கை எடுத்தார். என் கையடியில் கருப்பை மெல்ல மெல்ல இறுகிக் கல்லானது. ரத்தம் நின்றது.

நின்றதே தவிர, போனது போனதுதான். அவள் உதடும் உள்ளங்கையும் சாம்பல் பூத்துவிட்டன. மூன்று பை ரத்தமாவது வேண்டும் என்றார் டாக்டர். குளிர்பெட்டியில் அவளுக்குப் பொருந்துவது ஒரே ஒரு பைதான் இருந்தது. ஒதிலோன் வகை வேறு, எனக்கும் வேறு. அவன் முற்றத்துக்குப் போய்ப் பொலினீஸுக்குப் போன் போட்டான். ஞாயிறு மத்தியானம். போனில் சேவல் சத்தமும் ஆள் சத்தமும் எனக்கே கேட்டது.

"அண்ணே, சில்வானிக்கு..." என்றான். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

"ஆஸ்பத்திரியிலதானே இருக்க? வையி போனை" என்றான் பொலினீஸ்.

நல்லவேளை, வறண்ட காலம், ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. இரண்டு மணி நேரத்தில் ஐந்து மோட்டார் சைக்கிள்களில், ஒன்றுக்கு இரண்டும் மூன்றுமாக, தலை முழுக்கப் புழுதியோடு வந்து இறங்கினார்கள். பன்னிரண்டு பேர். பேர் கொடுத்ததில் இரண்டு பேர் சாராயம் அதிகமாகி வழியிலேயே இறக்கிவிடப்பட்டார்களாம். பரிசோதனை அறைக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"யாருய்யா அது சேவலோட வந்திருக்கிறது?"

"சண்டைக்கு நடுவுல கிளம்பிட்டேன் சார். விட்டுட்டு வந்தா திருடிருவானுங்க" என்றான் பொலினீஸ். "வேணும்னா அதுகிட்டேயும் எடுத்துக்கோங்க, நல்ல ரத்தம்."

பன்னிரண்டு பேரில் நான்கு பேருடைய ரத்தம் பொருந்தியது. முதலில் பொருந்தியது, அன்று களத்தில் பின்வரிசையிலிருந்து பேசினவனுடையது. அவன் ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினான். எழுந்ததும் ஒதிலோனிடம் போய், "அன்னைக்கு வாய் தவறிடுச்சு மச்சான்" என்றான். ஒதிலோன் அவனைக் கட்டிக்கொண்டான். பொருந்தாத எட்டுப் பேரும் தங்களுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "உங்க ரத்தம் வேற வகை, அவ்வளவுதான், அடுத்தவளுக்கு ஆகும்" என்று நான் சொன்னதும் எட்டுப் பேரும் வரிசையில் நின்று அவர்களும் கொடுத்தார்கள். அன்று குளிர்பெட்டி நிறைந்ததைப் போல நான் என் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை.

சாயங்காலம் சில்வானியின் உதட்டில் நிறம் திரும்பியது. சேப்பங்கிழங்குக் கஞ்சி நான்கு வாய் குடித்தாள். குழந்தை மார்பில் கிடந்தது.

ஞானஸ்நானத்தில் ஒரு சிக்கல் வந்தது. பன்னிரண்டு பேரும் தானே ஞானத்தந்தை என்றார்கள். பாதிரியார் ஒருவருக்குத்தான் அனுமதி என்றார். கடைசியில் சேவற்சண்டை வைத்து முடிவு செய்தார்கள். பொலினீஸின் சேவல் தோற்றது. அவன் இன்றுவரை அதை ஏமாற்று வேலை என்கிறான்.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது பார்க்கப் போனேன். சில்வானி வாசலில் கடலை மிட்டாய்த் தட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒதிலோன் உள்ளே, அலறுகிற குழந்தையைத் தோளில் போட்டு, மடியில் போட்டு, குப்புறப்போட்டு, எதுவும் நடக்காமல் வியர்த்து நின்றான்.

"இருநூத்து எழுபது பிள்ளை எடுத்திருக்கேன்க்கா. ஒண்ணுகூட இப்படி அழுததில்ல."

"அதுங்களையெல்லாம் அம்மா கையில குடுத்துட்டு வந்துட்டீங்க" என்றாள் சில்வானி வெளியிலிருந்து. "இதை யார் கையில குடுக்கப் போறீங்க? நடங்க, நடங்க. ஊர்ப் பொம்பளைங்களை எல்லாம் நடத்துனீங்கல்ல?"

அவன் நடந்தான். கதவுக்கும் ஜன்னலுக்கும் நாற்பது தடவை நடந்திருப்பான். குழந்தை அடங்கியபோது அதன் முதுகை அவனுடைய ஒரு கை முழுதாக மூடியிருந்தது. அதைப் படுக்க வைக்கப் பயந்து, நின்றுகொண்டே என்னிடம் காப்பி வாங்கிக் குடித்தான்.